மைனா கொண்டுபோன கடிதம்

அபெரிஸ்டுவித், வேல்ஸ்
ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக மதினி சொன்னார்கள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

"சம்பாதிக்கப் போன இடத்தில் பேய்க்கதை எழுதுகிறாயாமே" என்று போனில் சத்தம் போட்டாய். நைட் ஷிப்டுக்கு நடுவே என்ன பதில் சொல்ல? அதான் கடிதம்.

இங்கே நாலரைக்கே இருட்டிவிடும். 1865-இல் திறந்த பழைய கடல்பாலம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் பொழுது சாயும்போது, நம்மூர் மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து அதன் அடியில் அடையும். அடைவதற்கு முன் வானத்தில் கறுப்புச் சேலையை உதறினாற்போல ஒரு சுழற்று. எச்ச நாற்றம் மட்டும் தாங்காது.

அந்தப் பறவைதான் கதையைக் கிளப்பிவிட்டது. பிரான்வென் என்று இந்த நாட்டு ராஜகுமாரி. அயர்லாந்து ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக் குதிரைகளை இவள் உடன்பிறந்தான் ஒருவன் வெட்டிச் சிதைத்ததற்குப் பழியாக, அவளை அடுக்களையில் தள்ளினார்கள். கறிவெட்டுகிறவன் தினமும் கன்னத்தில் ஒரு அறை. மூன்று வருஷம். அவள் மாவு பிசையும் தொட்டி ஓரத்தில் ஒரு மைனாவை வளர்த்து, பேசப் பழக்கி, சிறகடியில் கடிதம் கட்டி அண்ணனுக்கு அனுப்பினாள். அண்ணன் பிரான் மலை மாதிரி ஆள், கடலை நடந்தே கடந்து வந்தான். (நீ மதுரை ஏர்போர்ட்டுக்கு வரவே மூக்கால் அழுவாய்.) இதெல்லாம் 1350 வாக்கில் எழுதிய ஏட்டில் இருக்கிறது. ஏடு இதே ஊரில், மேட்டின்மேல் தேசிய நூலகத்தில்.

அதில் ஒரு கொப்பரையும் வரும். செத்த வீரனை அதில் போட்டால் மறுநாள் எழுந்து சண்டைக்கு வருவான், பேச்சு மட்டும் வராது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமில்லை. என் நாவலில் அந்தக் கொப்பரை இன்றைய டப்ளினில், ஒரு ஹோட்டல் நிலவறையில் கிடக்கிறது. ராத்திரி வேலைக்கு வந்து செத்தவர்களை அதில் போட்டு எழுப்புகிறார்கள். எழுந்தவன் சம்பளம் கேட்கமாட்டான், லீவு கேட்கமாட்டான். பிரான்வென் அங்கே பாத்திரம் தேய்க்கிறாள். இப்போது சொல், இது பேய்க்கதையா?

முதியோர் இல்ல வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பயப்படாதே. ஆனால் பன்னிரண்டு மணிநேரத்தில் ஒரு வார்த்தை தமிழ் பேசாமல் ரூமுக்கு வரும் நாட்கள் உண்டு. அன்றைக்கெல்லாம் ரெண்டு பக்கம் கூடவே எழுதுவேன்.

பழைய கதையில் பிரான்வென் கடைசியில் ஆலாவ் ஆற்றங்கரையில் நெஞ்சு வெடித்துச் செத்துப்போகிறாள். நான் அவளை என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அம்மாவிடம் மைனாவரைக்கும் சொல், போதும்.

ரெண்டு பாக்கெட் மோர்மிளகாய் அனுப்பு.

உன் தங்கை