கருத்து பிளந்தது என்பதற்காகப் படத்தைத் தள்ளிவைக்காதீர்கள்

நெல்லையில் உலகப் படங்களைத் திரையிட்டுவரும் நம் திரைப்படச் சங்கத்தின் செயற்குழுவுக்கு,

வணக்கம். ‘மான்ஸ்டர்ஸ்’ என்ற ஆங்கிலப் பூதப் படத்தின் திரையிடலுக்குப் பிறகு நீங்கள் எடுத்த முடிவு உறுப்பினர்களுக்கு வந்து சேர்ந்தது. இனி பூதப் படங்கள் வேண்டாம், உறுப்பினர்களிடையே பிணக்கை உண்டாக்கும் படங்களும் வேண்டாம் என்கிறீர்கள். முதல் பாதி வருத்தம் தந்தது. இரண்டாம் பாதியைப் படித்தபோது பயமே வந்தது. தனிக் கடிதமாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவது அதனால்தான்.

அன்று எழுந்த கோபத்தில் நியாயம் உண்டு. நம் அறிவிப்பில் என்ன பார்த்தோம்? நீண்ட கைகளை வீசும் பேருருவமும் ராணுவ வண்டிகளும். அதை நம்பிப் பிள்ளைகளை அழைத்து வந்தவர்களுக்குக் கிடைத்தது, ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரும் அவருடைய முதலாளியின் மகளும் ரயிலிலும் படகிலும் நடையுமாக மெக்சிகோவைக் கடந்து அமெரிக்க எல்லைக்குப் போகும் கதை. விண்வெளியிலிருந்து வந்த அந்த உயிர்கள் திரையில் தெரிவது கொஞ்ச நேரம்தான். “ஏமாற்றிவிட்டீர்கள்” என்று எழுந்து போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஏமாற்றத்துக்கு அறிவிப்புதான் பொறுப்பு, படம் பொறுப்பல்ல. நாயகன், நாயகியின் பேச்சு பல இடங்களில் சோர்கிறது, அவர்களுடைய காதல் மெலிந்து நிற்கிறது என்றவர்களுடன் எனக்கும் உடன்பாடே.

“எடுக்கத் தெரியாதவர் எடுத்த படம்” என்று ஒருவர் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. 2010இல் வந்த இந்தப் படத்தை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்தவர் கேரத் எட்வர்ட்ஸ். அந்த உயிர்களைத் தன் சொந்தக் கணினியில் உருவாக்கியவரும் அவரே. மொத்தச் செலவு ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவு. கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய குழு வேனில் மத்திய அமெரிக்க நாடுகளைச் சுற்றி எடுத்தது. முக்கியமான இருவரைத் தவிர நாம் திரையில் கண்ட முகங்களில் பெரும்பாலானவை அந்தந்த ஊர்க்காரர்களுடையவை; பேச்சும் அங்கேயே பிறந்த பேச்சு. அடுத்த ஆண்டே ஹாலிவுட் அவரை நம்பிப் பெரிய பூதப் படமான ‘காட்ஸில்லா’வை ஒப்படைத்தது; அது 2014இல் வெளிவந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் இரவல் கேமராவோடு குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் பார்க்கவேண்டிய படம் வேறு எது?

பூதத்தை மறைத்தே வைத்தது அவருடைய தீர்மானம். அது நம் ஊருக்குப் புரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் இரவெல்லாம் உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேட்கிறவர்கள் நாம். கயிலாயத்து விளக்குச் சுடரில் சுடலைமாடன் பிறந்தது, குழந்தையாகவே சுடுகாட்டில் பிணம் தின்றது, மலையாள நாட்டில் காளிப்புலையனோடு மோதியது என்று கதை விரிந்துகொண்டே போகும். உடுக்கையும் குடமும் சேர்ந்து முறுகி, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு எழும்பும்வரை யாரும் அவசரப்படுவதில்லை. நடுச்சாமத்தில் சாமியாடி வல்லயம் என்ற ஈட்டியும் பந்தமுமாக மயான வேட்டைக்குப் போகும்போது கூட்டம் கோயிலிலேயே நின்றுவிடுகிறது. அங்கே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காததால் யாருக்காவது அச்சம் குறைந்திருக்கிறதா? பிணம் தின்றவரை விரட்டிவிடாமல், ஊர் எல்லையில் பீடம் கட்டிப் படையலும் வைத்தோம். அந்த மரபில் வந்தவர்களுக்கு இந்தப் படம் அந்நியமே அல்ல.

அன்று பேசியவர்களில் என் மனத்தில் நிற்பவர் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். வேம்பையாபுரம் பக்கம் வனத்துறை கூண்டு வைத்துச் சிறுத்தை பிடித்ததைச் சொன்னார். இருட்டிவிட்டால் ஆட்டுக்கொட்டிலை நோக்கியே காது போய்விடும்; சிறுத்தையைக் கண்ணால் கண்டவர்கள் கொஞ்சம், கேட்டவர்கள் நிறையப் பேர் என்றார். படத்தில் வரும் மெக்சிகோ மக்களும் அப்படியே வாழ்கிறார்கள்: எச்சரிக்கைப் பலகைக்குக் கீழே கடை போடுகிறார்கள், படகுக்கு டிக்கெட் விற்கிறார்கள், அந்த உயிர்களைக் குறிவைக்கும் குண்டுவீச்சுக்கு நடுவிலும் இருக்கிறார்கள். வேலையும் குடும்பமும் அங்கே இருக்க, அவர்கள் எங்கே போவார்கள்? பெரியவர் இதைச் சொன்னபோது, அதுவரை படத்தைத் திட்டிக்கொண்டிருந்த இருவர் அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள்.

அடுத்து ஒரு மாணவி, படத்தின் தொடக்கத்தில் ராணுவத்தின் இரவுக் கேமராவில் நாம் பார்த்த தாக்குதல்தான் கதையின் உண்மையான முடிவு என்றார். அரங்கமே கொந்தளித்தது. “அப்படியானால் அந்தப் பெண் பிழைத்தாளா?” என்று நாலு பக்கமிருந்தும் குரல்கள். “இல்லை, அது வேறு சம்பவம்” என்று மறுத்தவர்களும் உண்டு. பிடிக்காதவர்களும் மனத்தில் மறுபடி அந்த முதல் காட்சிக்குப் போய் வந்தார்கள். நம் சங்கத்தில் இவ்வளவு உயிரோடு ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. சரியாக அந்த நேரத்தில் அரங்கத்தை ஒப்படைக்கவேண்டும் என்று விளக்கை அணைத்தீர்கள்.

அதைத்தான் பிணக்கு என்று பெயரிட்டு நடவடிக்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் தலையாட்டும் படங்களை மட்டும் போடுவது என்றால், ஏற்கெனவே நாலு பேர் பாராட்டி முடித்தவைதான் நமக்கு மிஞ்சும். அவற்றை வீட்டில் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர்கள் ஒரே இருட்டில் உட்கார்ந்து, வெளிச்சம் வந்ததும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவதற்காகவே நான் சந்தா கட்டுகிறேன்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். அறிவிப்பில் படம் எப்படிப்பட்டது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: மெதுவாக நகரும், பூதம் அதிகம் தெரியாது, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று. படம் முடிந்து பேசுவதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக அரங்கத்தை எடுங்கள். அந்த வாடகையில் என் பங்கைத் தருகிறேன், தரக்கூடிய வேறு சிலரும் இருக்கிறார்கள். ‘மான்ஸ்டர்ஸ்’ படத்தை இன்னொரு முறை போடுங்கள். அன்று பாதியில் எழுந்து போனவர்களுக்கு நீங்களே தொலைபேசியில் பேசி அழைப்பு விடுங்கள். அவர்கள் வந்து மறுபடியும் திட்டட்டும். நான் எதிர்வரிசையில் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை