நூல் ஊட்டும் முறையிலும் ஊசிகளிலும் செய்துள்ள மாற்றங்கள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர் பெருமக்களுக்கு,

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறையிலிருந்து பனியன் துணியும் டி-ஷர்ட் துணியும் வாங்கிச் செல்லும் தங்களில் பலர், கடந்த இரண்டு மாதங்களாகத் துணி தாமதமாக வந்ததைப் பொறுத்துக்கொண்டீர்கள். அந்த நாட்களில் எங்களிடம் உள்ள நான்கு வட்டப் பின்னல் மெஷின்களில் பழைய இரண்டையும் நிறுத்தி, நூல் ஊட்டும் அமைப்பை முழுவதுமாக மாற்றினோம். ஊசிகளையும் ஒன்று விடாமல் மாற்றினோம். அதனால் தங்கள் கைக்கு வரும் துணியில் எது மாறும், எது மாறாது என்பதை விளக்கிச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

இதற்குத் தொடக்கம் ஒரு புகார். விளக்குத்தூண் பகுதியில் சிறுவர் சட்டை தைத்து விற்கும் வாடிக்கையாளர் ஒருவர், சாயமேறி வந்த கருநீலத் துணியைக் கொண்டுவந்து எங்கள் மேசைமேல் விரித்தார். வெள்ளையாக இருந்தபோது கண்ணில் படாத மெல்லிய குறுக்குக் கோடுகள், இரண்டேகால் அங்குலத்துக்கு ஒன்றாகத் துணி முழுவதும் ஓடியிருந்தன. சாயப்பட்டறையின் குறை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டோம். அது எங்கள் தவறு. அவர் விட்டுச்சென்ற துண்டை அன்று மாலை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, லென்ஸ் வைத்து எண்ணிப் பார்த்தபோது, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே சரியாக 90 வரிசைகள் இருந்தன. அந்தத் துணியைப் பின்னிய மெஷினில், ஊசிகளுக்கு நூல் கொடுக்கும் இடங்களான ஃபீடர்களும் 90. மெஷின் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு ஃபீடரும் ஒரு வரிசை பின்னும்; ஆகவே ஒரு ஃபீடரில் கோளாறு என்றால் 90 வரிசைக்கு ஒரு முறை கோடு விழும். சாயத்தில் நேரும் குறை இப்படி எண்ணி வைத்தாற்போல் வராது.

மறுநாள் காலை ஒவ்வொரு ஃபீடரிலும் நூலில் மையால் குறியிட்டு, மெஷினை ஒரே ஒரு சுற்று ஓட்டி, எவ்வளவு நூல் உள்ளே போயிருக்கிறது என்று அளந்தோம். மற்ற இடங்களில் ஆறேகால் மீட்டருக்குச் சற்று அதிகமாகப் போயிருந்த நூல், ஓரிடத்தில் மட்டும் ஏறத்தாழ ஒரு சாண் குறைவாகப் போயிருந்தது. அந்த இடத்தில் நூலை இறுக்கிப் பிடிக்கும் சிறு தட்டுகளைக் கழற்றினால், நடுவே விளக்குத்திரி போலப் பஞ்சு திரண்டு அடைத்திருந்தது. அந்த வாடிக்கையாளரின் கடைக்கே சென்று மன்னிப்புக் கேட்டு, துணியை மாற்றிக் கொடுத்தோம். ஆனால் தட்டைத் துடைத்துவிட்டு அடுத்த அடைப்புக்காகக் காத்திருப்பது தீர்வாகாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

பழைய முறையில், ஊசி தனக்கு வேண்டிய நூலை, நூல் சுற்றிய கோனிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். ஊசியை ஏற்றி இறக்கும் தடமான கேம், ஊசியை எவ்வளவு ஆழம் கீழே இறக்குகிறதோ அதற்கேற்பக் கண்ணியின், அதாவது நூல் வளையத்தின், அளவு அமையும் என்பது கணக்கு. நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. நூல் தளர்வாக வந்தால் ஊசி தாராளமாக எடுத்துக்கொள்ளும். இறுக்கமாக வந்தால், கோனிலிருந்து இழுப்பதைக் காட்டிலும் எளிது என்பதால், தனக்கு முன் இறங்கிய ஊசி செய்துவைத்த கண்ணியிலிருந்தே நூலைப் பறித்துக்கொள்ளும். கோன் நிறைந்திருக்கும்போது ஓர் இறுக்கம், தீரும் தறுவாயில் வேறோர் இறுக்கம். மெழுகு சரியாக ஏறாத நூலில் இன்னொன்று. இவை எல்லாம் கண்ணியின் நீளத்தில் வந்து விடியும். கண்ணியின் நீளம் மாறினால் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) மாறும், துணியின் அகலம் மாறும், துவைத்த பிறகு சுருங்கும் அளவும் மாறும்.

இப்போது பொருத்தியிருக்கும் அமைப்பில் ஊசிக்கு அந்த உரிமை இல்லை. ஒவ்வொரு ஃபீடருக்கும் மேலே ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. நூல் அதைப் பல சுற்றுச் சுற்றிய பிறகே கீழே இறங்கும். எல்லாச் சக்கரங்களையும் பல் வைத்த ஒரே பட்டை சுழற்றுகிறது. அந்தப் பட்டையின் வேகம், ஊசிகளைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் வேகத்தோடு ‘குவாலிட்டி புல்லி’ என்ற ஒரே சக்கரத்தின் வழியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மெஷின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், ஒரு சுற்றுக்கு இவ்வளவு நூல் என்று அளந்து வைத்த அளவே 90 இடத்திலும் இறங்குகிறது. 30 அங்குல விட்டமும் 24 கேஜும் (அங்குலத்துக்கு 24 ஊசி) உள்ள எங்கள் மெஷினில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் உள்ளன. கண்ணி ஒன்றுக்கு 2.8 மில்லிமீட்டர் என்றால் சுற்றுக்கு ஏறத்தாழ 6.33 மீட்டர் நூல் வேண்டும். அந்தக் கணக்குக்குப் புல்லியை வைத்துவிட்டு, பிறகு கேமின் ஆழத்தை அதற்கு ஒத்துப்போகுமாறு திருத்துகிறோம். ஒத்துப்போகாவிட்டால் நூல் விண்ணென்று இழுபட்டு ஓட்டை விழும் என்பதால், நூலின் இறுக்கத்தை அளக்கும் டென்ஷன் மீட்டரை ஃபீடர்தோறும் வைத்துப் பார்த்த பிறகே ரோல் தொடங்குகிறது. நூல் அறுந்தால் அந்த ஃபீடரிலேயே விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடும்.

ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்; துணியில் நெடுக்கில் விழும் கோடுகளுக்குப் பெரும்பாலும் காரணம் அதுவே. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டத்தை அமைத்தபோது, அதிலிருந்த ஊசியின் முனை நீண்டு வளைந்த வில்லாக இருந்தது. கொக்கியை மூட அதை வெளியிலிருந்து ஒரு சட்டம் அழுத்த வேண்டியிருந்தது. 1849-இல் லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்சென்ட் காப்புரிமை பெற்ற ஊசியில் கொக்கிக்குக் கீழே ஒரு நாக்கு, சிறு ஆணியில் ஆடுமாறு வைக்கப்பட்டது. ஊசி மேலே ஏறும்போது பழைய கண்ணியே அந்த நாக்கைத் திறந்துவிடும்; கீழே இறங்கும்போது அதே கண்ணி அதை மூடிவிட்டுத் தலைக்கு மேலே கழன்றுபோகும். தாங்கள் உடுத்தும் பனியன் இன்றும் இந்த நாக்கு ஊசியில்தான் பின்னப்படுகிறது.

அந்த நாக்கு படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். சிலிண்டர் ஒரு முறை சுற்றினால் ஒவ்வொரு ஊசியும் 90 ஃபீடரையும் கடந்து 90 கண்ணி போடுகிறது. நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் 2,250 முறையும், எட்டு மணி நேர ஷிப்டில் 10 லட்சத்து 80 ஆயிரம் முறையும் நாக்கு திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் ஊசியின் அடியில் துருத்தி நிற்கும் ‘பட்’ கேமின் தடத்தில் மோதித் திரும்புகிறது. கழற்றிய பழைய ஊசிகளில் ஒன்றை லென்ஸின் கீழ் வைத்தபோது, கொக்கியின் உட்புறத்தில் பருத்தி நூல் உரசி உரசி, கிணற்றுக் கல்லில் கயிறு பதித்த தடம்போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நாக்கின் ஆணி தளர்ந்து, மூடும்போது நாக்கு நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படிச் சாய்ந்தால் நூலின் இழைகளில் பாதியை மட்டும் பிடிக்கும். அந்த ஊசியின் வழியில் துணியின் நீளம் முழுவதும் கோடு தெரியும்.

புதிய ஊசிகளின் தண்டு நேராக இல்லாமல் அலை அலையாக வெட்டப்பட்டிருக்கிறது. ‘பட்’ மீது விழும் அடி நேரே கொக்கிவரை ஏறாமல் அந்த வளைவுகளில் தணிந்துவிடுகிறது. தடத்தில் உரசும் பரப்பும் குறைவதால் சூடும் குறைகிறது. கோடு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு ஊசியை மாற்றிவிட்டு ஓட்டும் வழக்கத்தையும் விட்டுவிட்டோம். தேய்ந்த ஊசிகளுக்கு நடுவே புது ஊசி ஒன்று நின்றால் அதுவே இன்னொரு கோடாகத் தெரியும். சிலிண்டர் முழுவதற்கும் ஒரே தொகுதி, கூடவே, ஊசிகளுக்கு இடையே நின்று கண்ணிகளைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய தகடுகளான சிங்கர்களும் புதியவை. மாற்றியவுடன் ஓட்டிய முதல் ரோல்களில் எண்ணெய்க் கறை வரும் என்பதால் அவற்றை விற்பனைக்கு வைக்கவில்லை. லைக்ரா கலந்த துணிக்கு, லைக்ராவை உருட்டிக் கொடுக்கும் தனி ஃபீடர் முன்பிருந்தபடியே இருக்கிறது.

இந்த மாற்றங்களால் தீராத குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த அமைப்பு நூலின் நீளத்தை அளக்கும். தடிமனை அளக்காது, பஞ்சின் குணத்தையும் அறியாது. இரண்டு மில்லின் 30-ஆம் நம்பர் நூலை (நம்பர் என்பது நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) ஒரே ரோலில் கலந்தால், கண்ணிகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தாலும் சாயம் வேறு வேறாக ஏறிக் கோடு விழும். ஆகவே கூலிக்குப் பின்ன நூல் கொண்டுவரும் வாடிக்கையாளர்கள், ஒரே லாட் எண்ணுள்ள (மில்லில் ஒரே தொகுதியாக நூற்ற) பெட்டிகளாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வந்த கோன்களைப் புற ஊதா விளக்கின் கீழ் அடுக்கிப் பார்ப்போம். வேறு பஞ்சில் நூற்ற கோன் பெரும்பாலும் அங்கேயே நிறம் மாறித் தெரியும். அப்படித் தெரிந்தால் தங்களைக் கேட்காமல் மெஷினில் ஏற்ற மாட்டோம். மெழுகு ஏற்றாத நூலையும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் நூல் வறண்டு பஞ்சு பறக்கும் நம் ஊரில் அது இரட்டிப்புத் தொல்லை.

இனி ஒவ்வொரு ரோலிலும் கட்டும் சீட்டில் மெஷின் எண், நூலின் லாட் எண், தேதி, எடை ஆகியவற்றோடு கண்ணியின் நீளத்தையும் எழுதித் தருவோம். அதைத் தாங்களே சரிபார்க்கலாம். துணியின் குறுக்கே 100 கண்ணிகளை எண்ணி இரு முனையிலும் பேனாவால் குறியிட்டு, விளிம்பிலிருந்து ஒரு வரிசை நூலைப் பிரித்தெடுத்து, சுருள் நீங்குமாறு மெல்ல நீட்டி, இரு குறிகளுக்கும் இடையே அளந்தால், 2.8 என்று எழுதிய ரோலில் 28 சென்டிமீட்டர் வர வேண்டும். வெவ்வேறு இடங்களில் எடுத்த நூல்கள் ஒன்றுக்கொன்று அரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால், துணியை வெட்டாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

கூலி விவரம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்களுக்குப் பழைய கூலியே நீடிக்கும்.

மாற்றத்துக்கு முன் பின்னிய சில ரோல்கள் இன்னும் எங்கள் கிடங்கில் உள்ளன. அவற்றுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டியிருக்கிறோம். வெள்ளைப் பனியனுக்கும் வெளிர் நிறங்களுக்கும் அவை போதும். அடர்ந்த நிறத்தில் சாயமேற்ற நினைப்பவர்களுக்கு அவற்றைத் தர மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்,
பின்னல் துணிப் பட்டறை,
கப்பலூர், மதுரை.