ஞாயிறு அறிவியல் பேச்சு – செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெரியவர்களுக்காக மாதம் ஒரு அறிவியல் பேச்சு என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்தோம். 12 கூட்டங்களில் 10 நடந்தன. நவம்பரில் அடைமழை, ஏப்ரலில் மண்டபம் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

முதல் மூன்று கூட்டங்களை நடத்திய முறை சரியில்லை. மாலை 6 மணிக்கு வைத்தோம், அது சமையல் நேரம், பெண்கள் யாரும் வரவில்லை. வந்தவர்களும் ஒன்றரை மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து போனார்கள். செப்டம்பரில் நேரத்தைப் பிற்பகல் மூன்றரைக்கு மாற்றி, சம்பா நடவுக் காலம் என்பதால் பாம்புக்கடியைத் தலைப்பாக வைத்தோம். அன்றுதான் மண்டபம் நிறைந்தது.

வந்திருந்த மருத்துவர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் படத்தில் காட்டினார். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, கண் இமை தானாகச் சரியும்போதுதான் தெரியும், அதற்குள் மூச்சுக்கே ஆபத்து வந்திருக்கும் என்று அவர் சொன்னபோது மண்டபமே அமைதியானது. நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் என்பதால் பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அந்த மருந்துக்கான விஷத்தைப் பெரும்பாலும் எடுத்துத் தருவது 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம், அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தித்தான் மருந்து தயாராகிறது என்பது எனக்கே புதிய செய்தி.

கயிறு கட்டக்கூடாது, கீறக்கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னதும் ஒரு அம்மா எழுந்து, "எங்க வீட்டுக்காரருக்கு நான் கயிறு கட்டித்தான் கூட்டிட்டுப் போனேன், அது தப்பாங்க?" என்று கேட்டார். "நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்களேம்மா, அதுதான் அவரைக் காப்பாத்தியிருக்கு" என்றார் மருத்துவர். அதன் பிறகு ஒரு மணி நேரம் கேள்விதான்.

அப்புறம் எல்லாக் கூட்டத்தையும் இப்படியே மாற்றினோம்: பேச்சு அரை மணி, மீதி கேள்விகள். சர்க்கரை நோய்க் கூட்டத்தில் ஒருவர், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் இனிப்பை விட்டால் போதாதா என்றார். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை அதில் ஒட்டிய சர்க்கரையைக் காட்டுவதால் கடந்த மூன்று மாதக் கணக்கும் அதில் வந்துவிடும் என்ற பதில் பலருக்கு உறைத்தது. ஜனவரியில், போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றிப் பேசினோம். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது, பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதைத் துண்டுச்சீட்டாக அச்சிட்டுத் தெருத்தெருவாகக் கொடுத்தோம். அப்படி ஒரு அழைப்பு வந்து நடுங்கிப்போன நம் உறுப்பினர் ஒருவர், தன் கதையை மேடையில் தானே சொன்னார். அவருக்கு மன்றத்தின் நன்றி.

செயற்கை நுண்ணறிவுக் கூட்டம் மட்டும் எடுபடவில்லை. பேச்சு பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் போனது, அதைத் தமிழில் ஒருமுறை திரும்ப வைத்தே ஆக வேண்டும். நாய்க்கடி பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். கடிவாயை உடனே சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும் என்பதை அடுத்த கூட்டம்வரை காத்திராமல் இன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

டீ, சுண்டல், புரொஜெக்டர் வாடகைக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.