மூட்டும் மரப்பட்டையும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேய்மானம் பற்றி அரைப் பக்கம், ஆடு பட்டையைக் கடித்துத் தின்ற மரத்தைப் பற்றி இரண்டு பக்கம். எது உனக்குப் பெரிய கவலை என்று தெரிந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குப் பள்ளியில் இப்போது திசுக்கள் பாடம். வீட்டில் ஓர் உயிரியல் வாத்தியார் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவள் வேறு எங்கே போவாள்? அதனால் உன் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சூட்டோடு சூடாக இருக்கிறது.

முதலில் முழங்கால். "தோல் கிழிந்தால் கூடிவிடுகிறது, எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்கிறது, இந்தக் குருத்தெலும்புக்கு மட்டும் என்ன கேடு?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறாய். நியாயமான கோபம்தான்.

தோலின் மேற்பரப்பு எபிதீலியத் திசு. செல்கள் நெருக்கியடித்து நிற்கும், நடுவில் இடமே இருக்காது. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, தெரியுமா? ஆனால் அது மெல்லியது. ரத்தம் ஓடுகிற இணைப்புத்திசுவின் மேலேயே படுத்திருக்கிறது. தேவையானது கீழிருந்து கசிந்து வந்துவிடும். அடியடுக்கில் உள்ள செல்கள் வாழ்நாள் முழுக்க இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். சிறுகுடலின் உள்பூச்சும் இதே இனம்தான். அது மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதிதாகிவிடுகிறது.

குருத்தெலும்பு இணைப்புத்திசு வகை. அங்கே கதை தலைகீழ். செல்கள் கொஞ்சம், அவற்றுக்கு இடையே அவையே சுரந்து நிரப்பிய பொருள்தான் அதிகம். எலும்பு, தசைநாண், கொழுப்பு, ரத்தம் எல்லாம் இந்தக் குடும்பம். ரத்தம் எப்படி இணைப்புத்திசு ஆகும் என்று பேத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். பிளாஸ்மா என்கிற திரவத்தில் செல்கள் மிதக்கின்றன, இடையே உள்ள பொருள் கெட்டியாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லையே என்றேன். அரைமனதாக ஒப்புக்கொண்டாள்.

எலும்பில் அந்த இடைப்பொருள் கொல்லாஜன் என்கிற புரத இழைகளும் கால்சியம் பாஸ்பேட் உப்பும். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அதற்குள் நுண்கால்வாய்கள் வழியாக ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. முறிந்தால் ரத்தம் கட்டி, அங்கே புதுச் செல்கள் வந்து சேர்ந்து, பழுது பார்க்கும் வேலை தொடங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை: முறிந்த இடத்தை முதலில் இணைப்பது பெரும்பாலும் குருத்தெலும்புதான்! அப்புறம்தான் அது எலும்பாக மாறும். ஊருக்கு உழைத்துவிட்டுத் தன் வீட்டைக் கவனிக்க முடியாத ஆள் அது.

ஏன் முடியவில்லை? மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. செல்கள் தனித்தனிக் குழிகளில் அடைபட்டிருக்கின்றன, காயம்பட்ட இடத்துக்கு நகர்ந்து போக முடியாது. வளர்ந்த வயதில் அவை பிரிவதும் அரிது. உணவு வருவது பெரும்பாலும் மூட்டுத் திரவத்திலிருந்துதான். கால் வைக்கும்போது குருத்தெலும்பு அழுந்தித் திரவத்தை வெளியே விடுகிறது, எடுக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்கிறது. உன் மருத்துவர் வலியைப் பார்த்து நடக்கச் சொன்னதில் இந்தக் கணக்கும் இருக்கும். நரம்பே இல்லையென்றால் வலி எங்கிருந்து என்று கேட்பாய். சுற்றியுள்ள எலும்பிலும் மூட்டுச் சவ்விலும் நரம்புகள் இருக்கின்றனவே, அங்கிருந்துதான்.

பிரான்சில் பிஷா என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1801-ல் மனித உடலை 21 வகைத் திசுக்களாகப் பிரித்து எழுதினார், அதுவும் நுண்ணோக்கி இல்லாமல். மறு ஆண்டே, முப்பது வயதில் இறந்துபோனார். நோய் உறுப்பு முழுவதையும் பிடிப்பதில்லை, அதில் உள்ள ஏதோ ஒரு திசுவைப் பிடிக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு மிகவும் பிடித்த வாதம். உனக்கு முழங்கால் கெட்டுப்போகவில்லையடா, அதில் ஒரு திசு தேய்ந்திருக்கிறது. தொடைத் தசை நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பலப்படுத்தினால் மூட்டின் சுமையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். எலும்புத்தசை பயிற்சிக்குப் பணியும். இதயத்தசைதான் பாவம், ஓய்வில்லாமல் துடிக்கும், செத்த இடத்தில் தழும்புதான் வரும்.

சரி, மரத்துக்கு வருகிறேன்.

பட்டை சுற்றிலும் போய்விட்டது, ஆனாலும் இலை பச்சையாக இருக்கிறது, பிழைத்துக்கொண்டதா என்று கேட்கிறாய். இல்லை, இன்னும் பசி தெரியவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் மேலே போகும் சைலம் கட்டைக்குள் இருக்கிறது. ஆடு அதைத் தொடவில்லை. இலையிலிருந்து சர்க்கரை கீழே இறங்கும் புளோயம் பட்டையின் உட்புறத்தில் இருக்கிறது, அது போய்விட்டது. வேர் இப்போது சேமித்துவைத்த மாவுச்சத்தில் காலம் தள்ளுகிறது. அது தீர்ந்தால் வேர் சாகும், பிறகுதான் இலை வாடும். காயத்துக்கு மேல் விளிம்பு வீங்கியிருக்கிறதா என்று பார். இறங்க வழியில்லாத உணவு அங்கே தேங்கும். பதினேழாம் நூற்றாண்டிலேயே மால்பிஜி என்ற இத்தாலிய மருத்துவர் மரப்பட்டையை வளையமாக உரித்து இந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டார்.

சைலக் குழாய்கள் வேலை செய்வது செத்த பிறகுதான். சுவரில் லிக்னின் என்கிற கடினப் பொருள் படிந்து கெட்டியாகி, உள்ளே இருந்த உயிர்ப்பொருள் காலியானால்தான் தண்ணீருக்கு வழி கிடைக்கும். "செத்த செல் எப்படித் தாத்தா வேலை செய்யும்?" என்றாள் பேத்தி. இந்த ஒரு கேள்விக்காகவே அவளுக்கு முழு மதிப்பெண் போடலாம். புளோயம் அப்படியில்லை. அதன் சல்லடைக் குழாய்கள் உயிரோடு இருக்கும், ஆனால் உட்கருவைத் தொலைத்திருக்கும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைச்செல்தான் அதைப் பராமரிக்கிறது. மற்றத் தாவரத் திசுக்களில் பாரன்கைமா சேமிக்கும், கோலன்கைமா இளந்தண்டை வளையவிடும், ஸ்கிளீரன்கைமா முதிர்ந்த பகுதிகளுக்கு உறுதி தரும் என்பதெல்லாம் அவள் அட்டவணை போட்டு உருப்போடுகிறாள். செய்யட்டும்.

நாம் பழையதைக் கழித்து அதே இடத்தில் புதியதை வைக்கிறோம். மரம் பழையதைத் தொடுவதில்லை, மேலே இன்னொரு அடுக்கைப் போட்டுக்கொண்டு போகிறது. புதுச் செல்களை உண்டாக்கும் ஆக்குத்திசு தண்டின் நுனியிலும் வேரின் நுனியிலும் இருந்து நீளத்தைக் கூட்டுகிறது. கட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள கேம்பியம் பருமனைக் கூட்டுகிறது. அதனால்தான் அடிமரத்தில் அடித்த ஆணி எத்தனை வருடமானாலும் அதே உயரத்தில் நிற்கிறது. வைரம் பாய்ந்த நடுக்கட்டை முழுக்க உளுத்துப்போன மரமும் தளிர்விடுகிறது, ஏனென்றால் அதன் உயிர் வெளி அடுக்குகளில் இருக்கிறது. ஆடு கை வைத்தது அந்த இடத்தில்தான்.

ஆனாலும் மரத்துக்கு உன் முழங்காலுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. முதிர்ந்த பாரன்கைமா செல்கூடத் தேவைப்பட்டால் மறுபடி பிரியத் தொடங்கும். வெட்டி நட்ட கிளை வேர்விடுவதும், ஒட்டுக்கட்டினால் கூடுவதும் அதனால்தான். எனவே இலை பச்சையாக இருக்கும்போதே ஒன்று செய்து பார். பட்டை எளிதாக உரியும் பருவத்தில், அதே மரத்தின் பென்சில் பருமனுள்ள குச்சிகள் சிலவற்றை எடு. மொட்டு விரியாத குச்சியாக இருக்கட்டும். காயத்தின் விளிம்புகளை நல்ல பட்டை வரைக்கும் சுத்தமாகச் சீவிவிட்டு, ஒவ்வொரு குச்சியின் அடிமுனையைக் காயத்துக்குக் கீழும் நுனியை மேலும் பட்டைக்குள் செருகு. தலைகீழாக வைத்துவிடாதே. குச்சியின் கேம்பியமும் மரத்தின் கேம்பியமும் ஒட்டியிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். காயாமல் மெழுகு பூசு. கூடிவிட்டால் சர்க்கரை அந்தக் குச்சிகள் வழியே இறங்கும்.

இது பனை இன மரங்களுக்குச் சரிப்படாது, அவற்றில் இப்படி வளையமான கேம்பியமே இல்லை. உன்னுடையது என்ன மரம் என்று இரண்டு பக்கத்திலும் எழுதவில்லையே!

எல்லாம் தரையை ஒட்டிக் குனிந்து செய்கிற வேலை. நீ செய்யாதே, மகனிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணு. முதலில் வேலி போடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்