பேய்ப் படமும் தகரக் கூரையும்

அட்டன்

அன்பின் மச்சான்,

இங்கு யாவரும் நலம். மழைதான் விட்டபாடில்லை. கொழுந்துக்கு நல்லது, துவைத்த துணிக்குத்தான் ஆகாது. பெரிய படம் பார்த்தால் தலைவலி, பேய்ப் படம் பார்த்தால் தூக்கம் என்று எழுதியிருந்தாய். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், சத்தம்.

‘கங்குவா’வையே எடு. 2024 நவம்பரில் வந்த கையோடு, காது போச்சு என்று சனம் திட்டித் தீர்த்தது. ஒஸ்கார் வாங்கிய ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டியும் அந்த இரைச்சலைக் கண்டித்து எழுதினார். கடைசியில் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே, வொலியூமை இரண்டு புள்ளி குறையுங்கள் என்று தியேட்டர்காரர்களிடம் கேட்டுக்கொண்டார். அந்த இரண்டு புள்ளி சின்ன விசயமில்லை. ஒப்பரேட்டர் அறையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டொல்பி பெட்டியில் 7 என்பதுதான் படத்துக்கு ஒலி கலந்தவர்கள் வேலை செய்தபோது வைத்துக் கேட்ட அளவு. 4க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் சுமார் 3.3 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு). 7ஐ 5 ஆக்கினால் ஏறக்குறைய 6.7 டெசிபெல் இறங்கிவிடும். கத்தல் மட்டுமா இறங்கும்? முணுமுணுப்பும் சேர்ந்தே இறங்கும். ஆரம்பம் முதல் எல்லாரும் கத்துகிற படத்தை எந்த எண்ணில் வைத்தாலும் கத்தலாகத்தான் கேட்கும்.

இதில் பாவம் பேய்ப் படம்தான். பெரிய படத்துக்காக 5இல் வைத்ததைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டால், அடுத்து ஓடும் படத்துக்கும் அதே 5. திடுக்கிட வைக்கும் சத்தத்துக்குப் பலம் வருவதே அதற்கு முன்னால் உள்ள அமைதியில்தான். மூச்சு, மரப்படியின் கிரீச், தூரத்தில் சொட்டும் தண்ணீர், இவை காதில் விழுந்தால் நாம் நம்மையறியாமலே காதைத் தீட்டிக்கொள்கிறோம். அவை கேட்காவிட்டால் அந்த இடம் வெறும் வெற்றிடம். கையை ஃபோனுக்குக் கொண்டுபோகிறோம். உன் தூக்கத்துக்கு இதுதான் காரணம்.

‘பிரமயுகம்’ (2024) என்ற மலையாளப் படம் இதற்கு நல்ல உதாரணம். ராகுல் சதாசிவன் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். இடிந்துவிழும் ஒரு மனை, மழை, பெரும்பகுதிக்கு மூன்றே பேர். மம்மூட்டி உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்போதே நமக்கு வயிறு கலங்குகிறது, பேயைக் காட்டத் தேவையே இல்லை. ஆனால் இந்தப் படத்துக்கு நல்ல வெளிச்சமுள்ள திரை வேண்டும். திரையின் வெளிச்சம் சதுர மீற்றருக்கு 48 கன்டெலா இருக்க வேண்டும் என்பது டிஜிற்றல் சினிமாவின் அளவு. புரொஜெக்டரின் செனோன் பல்ப் பழசானால் அது சரிந்துகொண்டே போகும். பகல் காட்சிதான் அதிகமுள்ள படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதில் உடனே தெரியும். விளக்கு வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் வேட்டி மடிப்பும் பின்சுவரின் பாசியும் பிரிந்து தெரிந்தால் பல்ப் சரி. இரண்டும் ஒரே கரியாகத் தெரிந்தால் ரிக்கெட் காசு நட்டம்.

‘டிமான்டி காலனி 2’ முதல் பாகத்தைவிட மேல் என்றாயே, அதில் உன்னோடு உடன்பட மாட்டேன். 2015இல் வந்த முதல் பாகம் ஏறக்குறைய ஓர் அறைக்குள்ளேயே நாலு பேரை அடைத்து வைத்தது. கதவு எங்கே, கட்டில் எங்கே என்று நமக்கு மனப்பாடமாகிவிடும். அதனால் ஒரு மூலை இருட்டினாலே போதும். இரண்டாம் பாகத்தில் கதை பெருத்துவிட்டது. விதிமுறையை விளக்கவே நேரம் போகிறது, விளக்கம் கூடக்கூடப் பயம் கழன்றுவிடும். ‘அரண்மனை 4’ வேறு வகை. பேய் வருவது சிரிப்பையும் பாட்டையும் கோர்க்கத்தான். பிள்ளைகளோடு பார், குறை சொல்லாதே. ஹொலிவூட்டின் ‘சின்னர்ஸ்’ (2025) மிக அகலமான 2.76க்கு 1 சட்டகத்திலும் ஐமேக்ஸ் ஃபிலிமிலும் எடுத்தது. சாதாரண ஹோலில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். ஒப்பரேட்டரைத் திட்டாதே, படமே அப்படித்தான்.

வீட்டில் பார்ப்பதென்றால் இதைச் செய். டிவியில் படத் தெரிவை ‘விவிட்’டிலிருந்து ‘மூவி’க்கு மாற்று. அசைவை மழமழப்பாக்கும் செற்றிங்கை நிறுத்து. வினாடிக்கு 24 சட்டகத்தில் எடுத்ததற்கு நடுவே டிவி தானாகச் சட்டகங்களைச் சொருகுவதால்தான் பேய்கூட நாடகத்தில் வருகிற மாமியார் மாதிரித் தெரிகிறது. ஒலித் தெரிவில் 5.1ஐ விட்டு ஸ்ரீரியோ இருந்தால் அதை எடு. டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் ஆறு தடத்தை அமுக்கும்போது பேச்சு அடிபட்டுப்போகும். தகரத்தில் மழை கொட்டும் நேரம் எந்தச் செற்றிங்கும் உதவாது. மெல்லிய சத்தத்தையெல்லாம் அது விழுங்கிவிடும். வொலியூமை ஏற்றினால் அடுத்த அலறலுக்கு லயத்து வரிசை வீடெல்லாம் எழும்பும். வயர் உள்ள இயர்ஃபோன்தான் வழி. புளூடூத் வேண்டாம். சில டிவிகளில் சத்தம் ஒரு கணம் பிந்தும், முகம் வந்துபோன பிறகு அலறல் வந்தால் சிரிப்புத்தான் வரும்.

‘பிரமயுக’த்தை இப்படி ஒருதரம் திரும்பப் பார்த்துவிட்டு எழுது. ‘டிமான்டி’ சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கூட்டாளி