ரோமாபுரிக்கு எந்தப் புத்தகத்தில் ஏறுவது?

அன்புள்ள பாப்பா,

உன் குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். பாதி நேரம் ஆட்டோ ஹார்ன்தான் பேசுகிறது. மீதியில் புரிந்தது இவ்வளவுதான்: வாள்சண்டை, சிங்கம், பேரரசர் என்று ஏதோ ஒரு ரோமப் படம் பார்த்திருக்கிறாய். இனி அந்தக் காலத்து நாவல் வேண்டும். ஆனால், "பொன்னியின் செல்வன் மாதிரி இழுத்துக்கிட்டுப் போகணும் மாமா, பாடப் புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது." இதற்கு வாட்ஸ்அப்பில் பதில் தட்ட என் பெருவிரலால் ஆகாது. இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதைப் பொதுவில் வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எல்லாம் நான் ஆங்கிலத்தில் படித்தவை.

பொன்னியின் செல்வன் மாதிரி ரோம நாவல் இருக்காது. காரணம் கேள். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டில் இருப்பது கொன்றவர்களின் பெயரும், அந்த வகையறாவின் நிலத்தை விற்ற கணக்கும்தான். ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று கல் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கிக்கு நந்தினி கிடைத்தாள். ரோமில் நிலைமை தலைகீழ். அவர்கள் எழுதித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். வக்கீலும் அரசியல்வாதியுமான சிசரோவின் கடிதத் தொகுப்பில் மட்டும் 900க்கும் மேல் மிஞ்சியிருக்கின்றன. சூட்டோனியஸ் என்கிற மனுஷன் பேரரசர்களின் படுக்கையறை வதந்தி வரைக்கும் பதிவு செய்திருக்கிறார். யார் யாரைக் கொன்றார், எந்தத் தேதியில், எத்தனை குத்து, எல்லாம் தெரியும். அங்கே நாவலாசிரியருக்கு மிச்சமிருக்கும் வேலை ஒன்றுதான்: இந்தக் கதையை யார் வாயால் சொல்ல வைப்பது? நான் படித்த நல்ல ரோம நாவல்களில் பெரும்பாலானவற்றில் சொல்பவன் சிம்மாசனத்துக்கு ஓரடி தள்ளி நிற்பவன். அவனை வைத்துப் புத்தகத்தைத் தேர்ந்தெடு, பேரரசரை வைத்து அல்ல.

நீ வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அதனால் உனக்கு முதல் புத்தகம் ராபர்ட் ஹாரிஸின் ‘இம்பீரியம்’, 2006இல் வந்தது. சிசரோவின் கதை. சொல்பவன் அவருடைய அடிமையும் செயலாளருமான டிரோ. சுருக்கெழுத்து முறை ஒன்றைக் கண்டுபிடித்ததாகப் பெயர் வாங்கியவன். எஜமானரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினான், அந்த நூல் தொலைந்துபோனது. இரண்டும் வரலாறு. தொலைந்த அந்த நூலைத்தான் ஹாரிஸ் மூன்று பாகமாக எழுதிக் கொடுக்கிறார்.

முதல் பாகத்தின் பாதி ஒரே வழக்கு. கி.மு. 70. சிசிலியில் ஆளுநராக இருந்த வெர்ரெஸ் மூன்று வருஷம் அந்தத் தீவைச் சுரண்டிவிட்டு ரோமுக்குத் திரும்பியிருக்கிறான். கோயில் சிலையைக்கூட விட்டுவைக்கவில்லை. அவனுக்கு ஆஜராகிறவர் ஹார்டென்ஸியஸ், அன்றைய தேதிக்கு ஊரிலேயே பெரிய சீனியர். எதிரே 36 வயது சிசரோ. வெர்ரெஸ் தரப்பு முதலில் தங்களுக்கு வேண்டிய ஆள் ஒருவனையே ‘நான்தான் வழக்குத் தொடுப்பேன்’ என்று நிறுத்திப் பார்க்கிறது. அது பலிக்கவில்லை. சாட்சி திரட்ட 110 நாள் கேட்டு வாங்கிய சிசரோ, சிசிலி முழுக்க அலைந்து 50 நாளில் முடித்துவிடுகிறார். அடுத்து அவர்கள் எடுக்கும் ஆயுதம் உனக்கு நன்றாகத் தெரிந்தது: வாய்தா. நடுவில் திருவிழா விடுமுறைகள். எப்படியாவது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டால் ஹார்டென்ஸியஸே கான்சல், அதாவது ரோமின் உச்சப் பதவியில், அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கப்போகிறவரும் அவர்கள் ஆள். சிசரோ என்ன செய்தார் தெரியுமா? நாள் கணக்கில் பேச வேண்டிய தொடக்க உரையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு நேராகச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றினார். ஒன்பது நாள். வெர்ரெஸ் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் ஊரைவிட்டே போய்விட்டான். பேசுவதற்கென்று எழுதி வைத்திருந்த நீண்ட வாதங்களை சிசரோ பிறகு புத்தகமாக வெளியிட்டார். அவர் பெயரை நிறுத்திய வெர்ரெஸ் உரைகளில் பெரும்பகுதி கோர்ட்டில் பேசப்படாதவை. உன் சீனியரிடம் சொல்லிப் பார், சிரிப்பாரா முறைப்பாரா என்று எழுது.

அந்த ஒன்பது நாளையும் டிரோ வழக்குக் கட்டோடு பின்னால் நின்று பார்க்கிறான். எஜமானருக்குப் பேசுவதற்கு முன் வயிறு கலக்குவது அவனுக்குத் தெரியும். மனைவி டெரன்ஷியாவின் பணத்தில்தான் அரசியல் நடக்கிறது என்பதும் தெரியும். ‘லஸ்ட்ரம்’ (2009), ‘டிக்டேட்டர்’ (2015) அடுத்த இரண்டு பாகங்கள். ‘லஸ்ட்ரம்’ உன்னைத் தூங்கவிடாது: நெருக்கடி என்ற பெயரில் ஐந்து குடிமக்களை விசாரணையே இல்லாமல் கொல்லலாமா என்று செனட் விவாதிக்கிறது, நாம் நேசிக்கத் தொடங்கிவிட்ட சிசரோ கொல்லலாம் என்கிற பக்கம் நிற்கிறார். மூன்றாவது கொஞ்சம் அவசரம். அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, பாவம், ஹாரிஸும் என்ன செய்வார்.

இரண்டாவது புத்தகம் உனக்காக இல்லை, எனக்காகச் சொல்வது. அதே ஹாரிஸின் ‘பாம்பேயி’, 2003. வெஸூவியஸ் எரிமலை வெடிக்கப் போகிறது என்று வாசகனுக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். ஆனால் கதாநாயகன் கிளாடியேட்டரும் இல்லை, செனட்டரும் இல்லை. கால்வாய்ப் பொறியாளன்! அட்டிலியஸ் என்று பெயர். செரினோ ஊற்றிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடி, வளைகுடா ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்து, கடைசியில் மிஸேனம் கடற்படைத் தளத்தின் நிலத்தடித் தொட்டியில் விழும் கால்வாய் அவன் பொறுப்பு. அந்தத் தொட்டி இன்றும் இருக்கிறது, 48 தூண்களோடு கோயில் மண்டபம் போல. படத்தைத் தேடிப் பார்.

முப்பது வருஷம் குழாயும் வால்வுமாகத் திரிந்த எனக்கு அந்த நாவலின் முதல் நூறு பக்கம் சொந்த டைரியைப் படிப்பது போல இருந்தது. தொட்டியில் மட்டம் இறங்குகிறது. தண்ணீரில் கந்தக வாடை. எங்கே உடைப்பு? அட்டிலியஸ் மலையைப் பார்க்கவில்லை, புகார்களைப் பார்க்கிறான். கடைமடையில் இவன் ஊருக்கு வரவில்லை, வழியில் நோலாவுக்கும் வரவில்லை, ஆனால் தலைமடைப் பக்கம் பிரியும் பாம்பேயியில் குழாய் ஓடுகிறது. அப்படியானால் உடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில். நாங்களும் அப்படித்தான் கண்டுபிடிப்போம். எந்த ஊர்ப் பெண்கள் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள், எந்த ஊரில் உட்காரவில்லை என்று கேட்டால் போதும், வரைபடமே வேண்டாம். கால்வாயின் வாட்டம், அதாவது சரிவு, கெட்டிருப்பதைத் தொட்டுப் பார்க்கும்போதுதான், தரையே உப்பியிருக்கிறது என்று அவனுக்குப் புரிகிறது. மலை வெடிப்பதைவிட அந்த இடம் எனக்குப் பயமாக இருந்தது. காதல் கதை ஒன்றும் உண்டு, ஒட்டவைத்தது. தள்ளிவிட்டுப் போ.

ஒரு திருத்தம் மட்டும். நாவல் ஆகஸ்ட் 24 என்கிற பழைய தேதியை வைத்து நடக்கிறது. 2018இல் பாம்பேயியின் வீட்டுச் சுவரொன்றில், அக்டோபர் 17க்குச் சமமான நாளைக் குறிப்பிட்டுக் கரியால் கிறுக்கியது கிடைத்தது. வெடித்தது இலையுதிர்காலம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள்.

இந்த நாவலில் பிளினி வருகிறார். கடற்படைத் தளபதி, மூச்சு வாங்கும் பருத்த உடம்பு, கையில் எப்போதும் குறிப்பு. ஆங்கிலத்தில் அவரை, அதே பெயர் கொண்ட இளைய பிளினியின் ‘அங்கிள்’ என்று எழுதி விஷயத்தைக் கெடுத்துவிட்டார்கள். அவர் தாய்மாமன். லத்தீனில் நம்மைப் போலவே தாய்மாமனுக்குத் தனிச் சொல், அப்பாவின் சகோதரனுக்குத் தனிச் சொல். எரிமலைப் புகையைப் பார்த்ததும் மாமன், படகில் வருகிறாயா என்று 17 வயது மருமகனைக் கேட்கிறார். அவன், எனக்குப் படிக்க வேண்டும் என்கிறான். மாமா கொடுத்த எழுத்து வேலைதான் அது! மாமன் போனார், ஸ்டாபியே கரையில் இறந்தார். மருமகன் பிழைத்து, பல வருஷம் கழித்து வரலாற்றாசிரியர் டாஸிடஸுக்கு எழுதிய கடிதங்கள்தான் நமக்குக் கிடைத்த நேரடி சாட்சியம். நான் கொடுத்த வேலையை நீ ஒருநாளாவது செய்திருக்கிறாயா?

நீ இப்போது குப்பை கொட்டும் மதுரையைக்கூட அந்த மாமன் எழுதிவைத்திருக்கிறார். துறைமுகத்திலிருந்து தொலைவில், உள்நாட்டில், ‘மோதுரா’ என்ற ஊரில் பாண்டியன் ஆள்வதாக. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பியவரும் அவரே. மிளகில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது, இதைப் போய்த் தங்கம் மாதிரி எடை போட்டு வாங்குகிறார்களே என்று அவருக்கு எரிச்சல். ஹாரிஸின் பக்கங்களில் அவர் சாகும்போது எனக்கு நெருங்கின மனுஷர் போனது போல இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, ராபர்ட் கிரேவ்ஸின் ‘நான், கிளாடியஸ்’. 1934. இதன் தொடர்ச்சியும் அதே ஆண்டு வந்தது. கடன் நெருக்கடியில் எழுதியதாம், கடன்காரர்களுக்கு நம் நன்றி. திக்குவாய், நொண்டிக்கால், வீட்டில் எல்லோரும் அசடு என்று ஒதுக்கிய கிளாடியஸ்தான் சொல்கிறார். அசடு என்பதாலேயே அவர் முன்னால் எல்லோரும் தடையில்லாமல் பேசுகிறார்கள், அசடு என்பதாலேயே உயிரோடு இருக்கிறார். பேரரசர் கலிகுலாவைக் கொன்ற அன்று திரைச்சீலைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தவரை இழுத்துவந்து காவலர்கள் பேரரசர் ஆக்குகிறார்கள். கி.பி. 41. இது நாவலாசிரியரின் கற்பனை இல்லை, சூட்டோனியஸில் இருக்கிறது.

பேரரசர் அகஸ்டஸின் மனைவி, கிளாடியஸின் பாட்டி லிவியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாயங்கால சீரியல் மாமியார்கள் எல்லாம் அவர் காலடியில் உட்கார்ந்து பாடம் கேட்கலாம். அத்திப்பழத்தில் விஷம் தடவி அகஸ்டஸைக் கொன்றார் என்பது அந்தக் காலத்து வதந்தி, கிரேவ்ஸ் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டார். வரலாற்றாளர்கள் பலர் நம்புவதில்லை. நீ நாவல் படிக்கிற வரைக்கும் நம்பு.

இந்த மூன்றும் இப்போதைக்குப் போதும். மார்கரீத் யூர்செனாரின் ‘ஹேட்ரியனின் நினைவுகள்’ (1951) இருக்கிறது. நான் சொன்ன விதிக்கு அது விலக்கு, பேரரசரே பேசுகிறார். ஆனால் சாகப்போகிறவர், பின்னாளில் பேரரசரான 17 வயது மார்க்கஸ் ஔரேலியஸுக்கு எழுதும் நீண்ட கடிதம். சில புத்தகங்களை நாற்பது தாண்டாமல் எழுதத் துணியக் கூடாது என்று அந்த அம்மாளே சொன்னார். படிப்பதற்கும் அது பொருந்தும் என்பது என் கட்சி. நான் முப்பதில் எடுத்து இருபது பக்கத்தில் மூடினேன், ஐம்பதில் எடுத்து அழுதேன். ஹாவர்ட் ஃபாஸ்டின் ‘ஸ்பார்ட்டகஸ்’ அடிமைகளின் கலகம் அடங்கிய பிறகு தொடங்குகிறது, கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6,000 சிலுவைகள். மனசு தெளிவாக இருக்கிற வாரத்தில் படி. காலின் மெக்கலோவின் ஏழு பாகம் நீ நீதிபதி ஆகி ஓய்வு பெற்ற பிறகு. பஸ்ஸில் படிக்க மட்டும் என்றால் லிண்ட்ஸி டேவிஸின் துப்பறியும் ஃபால்கோ, முதல் கதை ‘வெள்ளிப் பாளங்கள்’.

சிசரோவை லத்தீன்காரர்கள் ‘கிகேரோ’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அலுவலகத்தில் அப்படிச் சொல்லி அடி வாங்காதே.

‘இம்பீரியம்’, ‘நான், கிளாடியஸ்’ இரண்டையும் வெள்ளிக்கிழமை வருகிற உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ‘பாம்பேயி’ தரமாட்டேன், வாங்கிக்கொள். கிளாடியஸில் அந்தக் குடும்பத்துப் பெயர்கள் தலையைச் சுற்றும். கிரேவ்ஸே தாங்காமல் சிலருக்கு வேறு பெயர் வைத்து அழைக்கிறார், அப்படியும் மிச்சம் குழப்பம். அதனால் பின் அட்டையின் உள்பக்கம் பென்சிலில் வம்சாவளி போட்டிருக்கிறேன். நம்மூர் மாதிரியே பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற கூட்டம். தாத்தா துரூசஸ் இருக்க வேண்டிய இடத்தில் பேரன் துரூசஸைப் போட்டுவிட்டேன் என்று பாதிப் புத்தகம் தாண்டித்தான் தெரிந்தது. ரப்பர் கிடைக்கவில்லை. நீ அழித்துச் சரியாகப் போட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா