இயற்கைக் குழுவின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஹிப்சாச்சீனியா என்ற தத்துப்பூச்சியின் (செடிச்சாறு குடிக்கும், தத்தித் தாவும் சிறு பூச்சி) படத்தைக் காட்டினார். இமயமலைப் பகுதியிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை காணப்படும் பேரினம் அது. முதுகிலிருந்து எழும் நெட்டைக் கொம்பு பின்பக்கம் வளைந்து நுனியில் இலையாக விரியும். இமயமலைக்கே போகலாம் என்று பலர் கேட்டீர்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. சரி, அதன் உறவுக்காரர்களைப் பெங்களூரிலேயே தேடுவோம் என்று செயற்குழு முடிவெடுத்தது.

ஹெசரகட்டா பக்கத்துக் கருவேல மரங்களில் ஆக்ஸிராக்கிஸ் டராண்டஸ் என்ற தத்துப்பூச்சி கிடைத்தது. பழுப்பு நிறம், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அசையாமல் இருந்தால் முள் என்றே நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். எறும்பைப் பின்தொடர்வதுதான் சுலபமான வழி. இந்தப் பூச்சி மரச்சாற்றை உறிஞ்சி இனிப்பான திரவத்தைக் கழிக்கிறது. எறும்புகள் அதைக் குடித்துவிட்டு, பதிலுக்குக் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கின்றன. கொம்பு என்று நாம் பார்ப்பது தலையில் முளைத்ததல்ல, மார்பின் முன்பகுதி வளர்ந்து நீண்டது.

ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி எது என்று கேட்டால், கிளையில் மைக் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன். தத்துப்பூச்சிகள் காற்றில் பாடுவதில்லை. உடலை அதிரவைத்துக் கிளை வழியாகவே பேசிக்கொள்கின்றன; நம் காதுக்கு அது எட்டாது. மின்னணுப் பொறியாளரான நம் உறுப்பினர் கிடார் மைக்கைக் கிளையில் கவ்வவிட்டு ஒலிபெருக்கியோடு இணைத்தார். முதலில் எறும்பு நடக்கும் சத்தம், அப்புறம் விட்டுவிட்டு வந்த தாழ்ந்த உறுமல். தமிழ் வகுப்புக் குழந்தைகள் அதன் பிறகு வீட்டுக்குப் போகவே மறுத்தார்கள்.

நூலகம், கணக்கு இரண்டும் ஒழுங்காக உள்ளன. வரவு செலவு விவரம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

ஒரு கோரிக்கை. எறும்பு ஏறுகிறது என்று நம் வளாக மரங்களுக்கு மருந்து அடிக்கிறார்கள். பெரிய மரத்தில் இந்தப் பூச்சிக்கூட்டம் சாறு குடிப்பதால் மரம் பட்டுவிடாது. மருந்தோ எறும்பு, தேனீ, சிலந்தி எல்லாவற்றையும் சேர்த்தே கொல்கிறது. இளங்கன்றுகளில் கூட்டம் அதிகமானால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். வளாகத்தில் மருந்து அடிப்பதை நிறுத்தும் தீர்மானத்தை இன்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

அடுத்த ஆண்டு வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சிச் சேகரிப்பைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதப்போகிறோம். வர விரும்புவோர் இந்த மாதத்துக்குள் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்